கடலே இல்லாத ராஜபாளையத்துக்கு மண்டபம் மீன் ஆராய்ச்சியால் என்ன பயன்? முழு விவரம்

மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்தில் இருக்கும் ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் கடல் கிடையாது. சொல்லப்போனால் விருதுநகர் மாவட்டத்துக்கே கடற்கரை கிடையாது. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை வந்தால் சாளை, நெத்திலி, பாறை என்று கடல் மீன் கேட்காதவர்கள் குறைவு. அந்த மீனின் விலையும் வரத்தும் எங்கேயோ கடலில் நடப்பதைப் பொறுத்துதான் இருக்கு.

கடலில் பிடிப்பது மட்டும் போதாது, கடல் மீனையும் கோழி மாதிரி வளர்க்க முடியுமா என்ற ஆராய்ச்சி ராமநாதபுரம் மாவட்டம் மண்டபத்தில் பல வருடங்களாக நடக்கிறது. இதில் எது ஜெயித்தது, எது இன்னும் சிக்கல்? நம்ம ஊர் கண்மாய்க்கும் சமையலறைக்கும் இதனால் என்ன?

சுருக்கமாக:

• கடல் விரால் எனப்படும் கோபியா மீனை 2010-ல் மண்டபத்தில் இனப்பெருக்கம் செய்ய வைத்தார்கள். இந்தியாவில் அதுதான் முதல்முறை.
• குஞ்சு கிடைப்பது என்ற முதல் தடை தாண்டியாச்சு. இப்போது பெரிய கேள்வி தீவனம்.
• உப்புநீர் மீன், இறால் எல்லாம் உள்நாட்டுக் கண்மாய்க்கு ஏற்றதல்ல.

ஏப்ரல் மாதம் மீன் விலை ஏறுவது ஏன்?

தமிழ்நாட்டின் கிழக்குக் கடலில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். மீன்கள் முட்டையிட்டுப் பெருக வேண்டும் என்பதற்காக இந்த ஏற்பாடு. விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. நாட்டுப்படகுகளுக்குத் தடை இல்லை. ஆனால் நாட்டுப்படகில் வரும் மீன் குறைவு. அதனால் விலை ஏறும்.

ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இதில் ஒரு வசதி உண்டு. இரண்டு ஊர் வழியாகவும் போகும் தேசிய நெடுஞ்சாலை 744, செங்கோட்டை, புனலூர் தாண்டி கொல்லத்தில் முடிகிறது. அங்கே அரபிக்கடல். கேரளத்தில் இழுவைப் படகுகளுக்கான 52 நாள் தடை ஜூன் 9 நள்ளிரவில்தான் தொடங்கும், ஜூலை 31 வரை நீடிக்கும். ஆக, தூத்துக்குடி பக்கம் படகு நிற்கும் நாட்களில் பெரும்பாலும் கொல்லம் பக்கம் படகு ஓடும். அங்கே நிற்கும்போது இங்கே ஓடும். ஜூன் நடுவில் சில நாட்கள் மட்டும் இரண்டு பக்கமும் கதவு மூடியிருக்கும்.

ஆனால் தடைக்காலம் மட்டும் போதுமா? கேரளக் கரையில் 2012-ல் கிட்டத்தட்ட 3.9 லட்சம் டன் சாளை பிடிபட்டது. 2021-ல் அது 3,297 டன்னாகச் சரிந்தது. நூறு கிலோ இருந்த இடத்தில் ஒரு கிலோகூட இல்லை என்று அர்த்தம். கடல் சூடு, மழை, காற்று மாறுவது, குஞ்சு மீனையே அள்ளுவது என்று காரணங்கள் பல. கடலை மட்டும் நம்பியிருந்தால் எப்படி ஆகும் என்பதற்கு சாளை ஒரு பாடம்.

கண்மாய் கட்லாவும் ஆராய்ச்சியில் பிறந்ததுதான்

"வளர்த்த மீனா? வேண்டாங்க" என்று சொல்பவர்கள் ஒன்றைக் கவனிக்கணும். நம்ம கண்மாய்களில் மீன்பாசி ஏலம் எடுத்து வளர்க்கும் கட்லா, ரோகு, மிர்கால் மூன்றும் வட இந்திய ஆறுகளின் மீன்கள். ஓடும் ஆற்றில் வெள்ளம் வரும்போது முட்டையிடும் பழக்கம் அவற்றுக்கு. தேங்கி நிற்கும் கண்மாயில் வளரும், ஆனால் முட்டையிடாது.

இந்தச் சிக்கலை 1957 ஜூலை 10-ம் தேதி ஒடிசாவின் அங்குல் என்ற ஊரில் விஞ்ஞானி ஹீராலால் சௌத்ரியும் அவரது குழுவினரும் தீர்த்தார்கள். மீனின் மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து எடுத்த சாற்றை ஊசி மூலம் தாய் மீனுக்குச் செலுத்தினார்கள். மீன் குளத்திலேயே முட்டையிட்டது. அதன் பிறகுதான் ஆற்றில் போய் குஞ்சு பிடித்து வரவேண்டிய அவசியம் போய், பண்ணையில் குஞ்சு வாங்கி கண்மாயில் விடும் முறை நாடு முழுக்கப் பரவியது. ஜூலை 10 இன்றும் தேசிய மீன் விவசாயிகள் தினம்.

கண்மாய் மீனுக்கு 1957-ல் நடந்தது, கடல் மீனுக்கு அரை நூற்றாண்டு கழித்து மண்டபத்தில் நடந்தது.

மண்டபத்தில் என்ன செய்தார்கள்?

மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் 1947 பிப்ரவரி 3-ல் தொடங்கப்பட்டது; அதன் தலைமையகம் முன்பு மண்டபத்தில்தான் இருந்தது. 1971-ல் தலைமையகம் கொச்சிக்கு மாறியது. மண்டபத்தில் மண்டல மையம் தொடர்ந்து இயங்குகிறது. ஒரு பக்கம் மன்னார் வளைகுடா, மறுபக்கம் பாக் நீரிணை. மீன் ஆராய்ச்சிக்கு இதைவிட நல்ல இடம் கிடைப்பது கஷ்டம்.

இந்த நிலையம் செய்யும் முக்கிய வேலை, எந்தத் துறைமுகத்தில் என்ன மீன் எவ்வளவு வந்தது என்று கணக்கெடுப்பது. அந்தக் கணக்குப்படி 2022-ல் இந்தியாவில் பிடிபட்ட கடல் மீன் 34.9 லட்சம் டன். அதில் 7.22 லட்சம் டன்னுடன் தமிழ்நாடு முதலிடம்.

இன்னொரு வேலைதான் வளர்ப்பு. 2010 மார்ச்சில் கடல் விரால், 2011-ல் பாறை மீன் குடும்பத்தைச் சேர்ந்த சில்வர் பாம்பனோ என்று இரண்டு மீன்களை மண்டபத்தில் இனப்பெருக்கம் செய்ய வைத்தார்கள். பெயரில் விரால் இருந்தாலும் கடல் விராலுக்கும் நம்ம கண்மாய் விராலுக்கும் சொந்தம் எதுவும் இல்லை. உருவம் கொஞ்சம் ஒத்துப்போகும், அவ்வளவுதான். இந்த மீனைத் தேர்ந்தெடுக்கக் காரணம் அதன் வேகம். ஆறேழு மாதத்திலேயே சுமார் 3 கிலோ வரை வளரும்.

குஞ்சு உருவாக்குவது ஏன் இவ்வளவு கஷ்டம்?

கோழி முட்டையிலிருந்து வரும் குஞ்சு அன்றே தானாகக் கொத்தித் தின்னும். கடல் மீன் குஞ்சு அப்படி இல்லை. படிப்படியாகப் பார்த்தால் புரியும்:

1. நல்ல தாய் மீனையும் ஆண் மீனையும் பல மாதம் பராமரித்து முதிர்ச்சி அடைய வைக்கணும்.
2. கரையில் உள்ள தொட்டிக்கு மாற்றி ஹார்மோன் ஊசி போடணும். மீன் முட்டையிடும், ஒரு நாளுக்குள் குஞ்சு பொரிக்கும்.
3. அந்தக் குஞ்சுக்கு வாய்கூடத் திறந்திருக்காது. வயிற்றில் ஒட்டியிருக்கும் கருவுணவை வைத்து இரண்டு மூன்று நாள் ஓட்டும்.
4. வாய் திறந்ததும் கண்ணுக்கே சரியாகத் தெரியாத ரோட்டிஃபர் என்ற நுண்ணுயிரை உயிரோடு கொடுக்கணும். அந்த ரோட்டிஃபருக்குத் தீனியாக நுண்பாசியைத் தனியாக வளர்க்கணும்.
5. கொஞ்சம் பெரிதானதும் ஆர்ட்டீமியா என்ற உப்புநீர்ப் பூச்சியின் குஞ்சு. அதற்குப் பிறகுதான் தூள் தீவனம்.
6. இதற்கிடையில் பெரிய குஞ்சு சின்னக் குஞ்சைத் தின்றுவிடும். அதனால் அளவு வாரியாகப் பிரித்துக்கொண்டே இருக்கணும்.

இதில் நாலாவது படியில் சில மணி நேரம் தவறினாலும் மொத்தத் தொட்டியும் காலி ஆகலாம். லட்சக்கணக்கில் பொரித்தாலும் விரல் அளவுக்கு வளர்ந்து மிஞ்சுவது சிறு பங்குதான். கடல் மீன் வளர்ப்பு இந்தியாவில் தாமதமானதற்கு முக்கியக் காரணம் இதுவே.

கடலில் எப்படி வளர்க்கிறார்கள்?

மிதவைக் கூண்டுதான் வழி. சுமார் 6 மீட்டர் விட்டமுள்ள வட்டச் சட்டம் கடலில் மிதக்கும். அதிலிருந்து வலை தொங்கும். நங்கூரம் போட்டு நிறுத்தி, உள்ளே குஞ்சு விட்டு, தினமும் படகில் போய்த் தீனி போடுவார்கள். இந்தியாவில் திறந்த கடலில் இதை 2007-ல் விசாகப்பட்டினத்தில் முதலில் சோதித்தார்கள். பிறகு மண்டபம் பகுதி மீனவர்களும் செய்தார்கள்.

கூண்டைச் சுற்றி கடற்பாசி மிதவைகளையும் கட்டுவது இதன் அடுத்த கட்டம். மீனின் கழிவில் உள்ள சத்தைக் கடற்பாசி எடுத்துக்கொள்ளும். தண்ணீர் சுத்தமாகும், பாசியும் கூடுதலாக வளரும். பாசி வளர்ப்பில் ராமநாதபுரம் கடலோரப் பெண்கள் நிறைய பேர் இருப்பதால் இது அவர்களுக்கும் வருமானம்.

நார்வே செய்வதை நாம் அப்படியே செய்யக் கூடாதா?

நார்வேயில் குளிர்ந்த கடலில் பெரும்பாலும் சால்மன் என்ற ஒரே மீன். நம்முடையது வெப்பக் கடல். சாதகம் என்னவென்றால் வருடம் முழுக்க மீன் வளரும். பாதகம் மூன்று. சூடான தண்ணீரில் ஆக்சிஜன் குறைவாகத்தான் கரையும். நோய்க்கிருமியும் வேகமாகப் பெருகும். பிடித்த மீன் சீக்கிரம் கெட்டுப்போகும். இதோடு நமக்குப் புயலும் உண்டு.

நோய் என்ன செய்யும் என்பதை இறால் பண்ணைகள் பார்த்துவிட்டன. 1990-களின் நடுவில் வெள்ளைப்புள்ளி வைரஸ் வந்து கருப்பு வரி இறால் பண்ணைகளைச் சாய்த்தது. பிறகு 2009-ல் பசிபிக் கடற்கரையைச் சேர்ந்த வனாமி இறாலுக்கு அனுமதி கொடுத்து, நோயில்லாத் தாய் இறாலை இறக்குமதி செய்துதான் தொழில் மீண்டது.

தீவனம்தான் உண்மையான சோதனை

கடல் விரால் அசைவ மீன். அதற்குச் சின்ன மீனைத் தீனியாகப் போட்டால், ஒரு கிலோ வளர பல கிலோ சாளை மாதிரி மீன் செலவாகும். குருணைத் தீவனத்திலும் மீன் தூள், மீன் எண்ணெய் சேருகிறது. அதாவது பணக்காரர் தட்டுக்குப் போகும் ஒரு மீனை வளர்க்க, ஏழை வீட்டுக் குழம்புக்குப் போகவேண்டிய சாளையைக் கடலிலிருந்து அள்ள வேண்டியிருக்கும். கடலின் சுமையைக் குறைக்கத் தொடங்கிய வேலை, சுமையைக் கூட்டிவிடும் ஆபத்து இங்கேதான்.

இதற்கு ஆராய்ச்சியாளர்கள் இரண்டு வழி தேடுகிறார்கள். ஒன்று, தீவனத்தில் மீன் தூளைக் குறைத்து சோயா, பூச்சிப் புரதம் போன்றவற்றைச் சேர்ப்பது. இன்னொன்று, அதிகம் கேட்காத மீனை வளர்ப்பது. பால் மீன், மடவை இரண்டும் பாசியையும் அடிமண்ணில் உள்ள சத்தையும் தின்று வளர்பவை. சென்னையில் உள்ள மத்திய உவர்நீர் மீன் வளர்ப்பு ஆராய்ச்சி நிலையம் 2015-ல் பால் மீனைப் பண்ணையிலேயே இனப்பெருக்கம் செய்ய வைத்தது. சிப்பிக்கும் கடற்பாசிக்கும் தீவனமே தேவையில்லை. விலை அதிகம் கிடைக்கும் மீன் எது என்று மட்டும் பார்க்காமல், குறைவாகத் தின்னும் மீன் எது என்று பார்ப்பதுதான் நமக்குப் பொருந்தும்.

நம்ம ஊர் கண்மாயில் கடல் மீன் வளர்க்கலாமா?

கடல் விரால் வாய்ப்பே இல்லை. அதற்கு கடல் தண்ணீர் வேண்டும். கொடுவா, பால் மீன் மாதிரி சில மீன்கள் உப்புக் குறைந்த நீரிலும் தாங்கும். ஆனால் பாசனக் கண்மாயில் அடுத்த மீனைத் தின்னும் கொடுவாவை விட்டால், ஏலம் எடுத்தவரின் கெண்டைக் குஞ்சு என்ன ஆகும் என்று யோசிக்கணும்.

"உப்பு கலந்து இறால் வளர்க்கலாம்" என்று யாராவது ஆசை காட்டினால் ரொம்பவே எச்சரிக்கையாக இருங்க. உப்பு இறங்கினால் பக்கத்து வயலும் கிணறும் கெடும். கடலோர மாவட்டங்களில் இது பெரிய போராட்டமாகி, சர்வோதயத் தலைவர் ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் 1996 டிசம்பர் 11-ல் உச்ச நீதிமன்றம் இறால் பண்ணைகளுக்குக் கடும் கட்டுப்பாடு விதித்தது. பிறகு 2005-ல் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையத்துக்கான சட்டம் வந்தது. கடலோரத்தில் பண்ணை வைக்கப் பதிவு கட்டாயம்.

கண்மாய், பண்ணைக்குட்டை வைத்திருப்பவர்களுக்குக் கெண்டை வகைகள், விரால், அனுமதி பெற்று வளர்க்கும் கிஃப்ட் திலேப்பியா ஆகியவையே பொருத்தம். 2020-ல் தொடங்கிய பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் பொதுப் பிரிவினருக்கு 40 சதவீதம், பெண்கள் மற்றும் எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கு 60 சதவீதம் மானியம். மாவட்ட மீன்வளத் துறை அலுவலகத்தில் விசாரித்துவிட்டு இறங்குங்க.

மீன் வாங்குபவர்கள் என்ன செய்யலாம்?

• ரொம்பச் சின்ன சாளை, அயிலை வாங்காதீங்க. கேரளத்தில் 10 செ.மீ.க்குக் குறைவான சாளையும் 14 செ.மீ.க்குக் குறைவான அயிலையும் பிடிக்கவே தடை. நீங்களும் அதே அளவை வைத்துக்கொள்ளலாம்.
• வளர்த்த மீன் என்பதாலேயே ஒதுக்க வேண்டாம். செவுள் சிவப்பாக இருக்கா, கண் தெளிவாக இருக்கா, அழுத்தினால் சதை மேலே எழும்புதா என்று பாருங்க. கடல் மீனுக்கும் இதே சோதனைதான்.
• தடைக்காலத்தில் கண்மாய் மீனுக்கு மாறினால் விலையும் கட்டுப்படும், கடலுக்கும் ஓய்வு கிடைக்கும்.

கட்லாவைக் குளத்தில் முட்டையிட வைப்பது ஒரு காலத்தில் நடக்காத காரியமாக இருந்தது; இன்று அது சாதாரணம். கடல் மீன் அந்த நிலைக்கு வர குஞ்சு கிடைத்துவிட்டது. சாளையை அழிக்காத தீவனமும் கிடைத்தால்தான் மீதி தூரம் கடக்க முடியும்.