இரை எடுக்காத வளர்ப்புப் பாம்பு: பந்து மலைப்பாம்பின் உண்ணாநிலை

வளர்ப்பில் இருக்கும் பாம்பு, தான் வழக்கமாக எடுக்கும் இரையைப் பல வாரங்கள், சில வேளை பல மாதங்கள், தொடாமல் விடுவதை இரை மறுப்பு என்பர். எல்லா இனப் பாம்புகளிடமும் இதைக் காணலாம். ஆனால் இதற்குப் பேர்போனது மேற்கு ஆப்பிரிக்காவின் பந்து மலைப்பாம்புதான். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் வீடுகளில் மிகப் பரவலாக வளர்க்கப்படும் பாம்புகளில் அது ஒன்று. அதை வாங்கிய பலரும் முதல் ஆண்டிலேயே திகைத்து நிற்கும் இடம் இது. பெரும்பாலும் இந்தப் பட்டினி நோயல்ல. பாம்பு தன் இயல்புப்படி நடந்துகொண்டிருக்கும். இல்லையென்றால் அது குடியிருக்கும் பெட்டியில் ஏதோ சரியில்லாமல் இருக்கும். நோயால் வரும் பட்டினியை இனம் கண்டு விரைவதும், மற்ற வேளைகளில் பதறாமல் காத்திருப்பதும் வளர்ப்பவரின் பொறுப்பு. இரண்டில் கடினமானது காத்திருப்பது.

பாம்பும் அதன் ஊரும்

அறிவியலில் பைத்தான் ரெஜியஸ் என்று பெயர் பெற்ற இந்தப் பாம்பை 1802-இல் ஜார்ஜ் ஷா விவரித்தார். பிரிட்டனில் இதை ராயல் பைத்தான் என்கிறார்கள். மற்ற இடங்களில் பால் பைத்தான் என்பதே வழக்கு. அச்சம் வந்தால் தலையை நடுவில் ஒளித்து உடலைப் பந்துபோல் இறுகச் சுருட்டிக்கொள்வதால் வந்த பெயர் அது. மேற்கே செனகல் முதல் கிழக்கே உகாண்டா வரை புல்வெளிகளிலும் காட்டோரங்களிலும் வயல்களிலும் வாழ்கிறது. வளர்ந்த பாம்பு பெரும்பாலும் 90 முதல் 150 செ.மீ. நீளம் இருக்கும், மலைப்பாம்புகளில் இது சிறிய உருவமே. பெனின் நாட்டின் உயிதா நகரில் இந்தப் பாம்புகளுக்கென்றே ஒரு கோயில் இருக்கிறது. அங்கே இவற்றைக் கொல்வது பாவம்.

பகலில் எலி வளைகளிலும் கரையான் புற்றுகளிலும் கிடக்கும். கரையான் புற்றெடுக்கக் கருநாகம் குடிபுகுந்தது என்று நாம் சொல்வதற்கு ஆப்பிரிக்கச் சாட்சி இது. புற்றின் உள்ளே இருட்டு, நெருக்கமான சுவர், சற்றே ஈரமான, சூடு மாறாத காற்று. இரை மறுப்பைப் புரிந்துகொள்ள விரும்புகிறவர் முதலில் இந்தப் புற்றை மனத்தில் நிறுத்திக்கொள்ள வேண்டும். நான்கு பக்கமும் கண்ணாடியும் மேலே பளீரென்ற விளக்கும் உள்ள பெட்டி அதற்கு நேர் எதிரானது.

டோகோ, பெனின், கானா நாடுகளிலிருந்து பல லட்சம் பாம்புகள் ஏற்றுமதியாகியுள்ளன. சினையுற்ற பெண் பாம்புகளைப் பிடித்து வந்து, முட்டையிடச் செய்து, குஞ்சுகளை விற்பது அங்கே நெடுநாள் வழக்கம். காட்டில் பிடிபட்டவை வயிற்றில் புழுவும் தோலில் உண்ணியுமாக வந்து சேர்ந்து, இரையைத் தொடாமலே மெலிந்தன. இந்த இனத்துக்கு 'பிடிவாதக்காரப் பாம்பு' என்ற பெயர் வந்ததில் அவற்றுக்குப் பெரும் பங்குண்டு. வளர்ப்பிலேயே பிறந்த குஞ்சுகள் அந்த அளவுக்குத் தொல்லை தருவதில்லை.

பட்டினி தாங்கும் உடல்

அளவுக்கு மீறித் தின்றுவிட்டு நகராமல் படுத்திருப்பவரை இரை விழுங்கிய மலைப்பாம்பு என்போம். அந்த உவமைக்குப் பின்னால் ஓர் அரிய உடலியல் இருக்கிறது. பர்மிய மலைப்பாம்புகளை ஆராய்ந்த ஸ்டீபன் சீகோர், ஜாரெட் டயமண்ட் முதலியோர் இதை விரிவாகக் காட்டினர். பெரிய இரை உள்ளே போனதும் பாம்பின் வளர்சிதை மாற்றம் பல மடங்கு எகிறுகிறது. குடலும் கல்லீரலும் பருக்கின்றன. இரண்டு நாளில் இதயமே ஏறத்தாழ 40 விழுக்காடு பெரிதாகிறது. செரித்து முடிந்ததும் எல்லாம் பழைய அளவுக்குச் சுருங்கிவிடும். வேலை இல்லாத நாள்களில் அடுப்பையே அணைத்துவைக்கிற சிக்கனம் இது.

அமெரிக்காவின் ஆர்கன்சா பல்கலைக்கழகத்தில் மார்ஷல் மெக்யூ 2007-இல் வெளியிட்ட ஆய்வு பட்டினியையே நேரடியாகப் பார்த்தது. அதில் பந்து மலைப்பாம்பும் இருந்தது. 168 நாள் இரையின்றி இருந்த பாம்புகள் தங்கள் ஆற்றல் செலவை 72 விழுக்காடு வரை குறைத்துக்கொண்டன. அந்தப் பட்டினியிலும் அவை நீளத்தில் வளர்ந்தன என்பதுதான் படிப்பவரை நிமிர வைக்கும் செய்தி.

காட்டில் இந்தப் பட்டினிக்குக் காலமும் காரணமும் உண்டு. கானாவில் பெண் பாம்புகள் வறண்ட பருவத்தின் இறுதியில், பிப்ரவரிப் பிற்பாதி முதல் ஏப்ரல் தொடக்கம் வரை முட்டையிடுகின்றன. பிறகு ஏறத்தாழ இரண்டு மாதம் முட்டைகளைச் சுற்றியபடியே கிடக்கும். அத்தனை நாளும் பெரும்பாலும் இரை எடுப்பதில்லை. நம் நாட்டு மலைப்பாம்பும் அடைகாக்கும்போது இப்படியே பட்டினி கிடக்கும். ஆண் பாம்புக்கோ இணை தேடும் பருவத்தில் பசியே மறந்துபோகிறது. வீட்டில் ஒற்றையாக வளரும் ஆண் பாம்பும், இணையே இல்லாவிட்டாலும், குளிர்மாதங்களில் மூன்று நான்கு மாதம் எலியைத் திரும்பிப் பாராமல் இருப்பதுண்டு. இதற்கு மருந்தில்லை; தேவையும் இல்லை.

எதைச் சரிபார்ப்பது

வெப்பம்தான் முதலில். பாம்பு வெளிச்சூட்டை வாங்கித்தான் செரிக்கிறது. பெட்டியின் ஒரு முனையில் 31 முதல் 33 டிகிரி செல்சியஸ், மறுமுனையில் 25 முதல் 27 டிகிரி வேண்டும். செரிக்கப் போதிய சூடு இல்லாத பாம்பு இரையை ஏற்காது. ஏற்றாலும் இரண்டு மூன்று நாளில் கக்கிவிடும். கடையில் ஒட்டித்தரும் முள் வைத்த வெப்பமானிகளை நம்பக்கூடாது. அளவுமுனையைத் தரையில், பாம்பு படுக்கும் இடத்திலேயே வைத்து டிஜிட்டல் கருவியால் பார்க்க வேண்டும். சூடேற்றும் பாய்க்குத் தெர்மோஸ்டாட் கட்டாயம். அது இல்லாமல் வயிறு வெந்துபோன பாம்புகள் உண்டு. காற்றின் ஈரப்பதம் 60 விழுக்காட்டை ஒட்டியும், சட்டை உரிக்கும் நாள்களில் அதைவிடக் கூடுதலாகவும் இருப்பது நல்லது.

அடுத்தது மறைவிடம். சூடான முனையில் ஒன்று, குளிர்ந்த முனையில் ஒன்று என இரண்டு வேண்டும். பாம்பு சுருண்டால் மூன்று பக்கமும் உடல் உரசும் அளவுக்கு அவை இறுக்கமாக இருக்க வேண்டும். 'பாவம், நெருக்கமாக இருக்கிறதே' என்று பெரிய குகை வாங்கித்தருவது நம் மனத்துக்குத்தான் இதம். ஒரே ஒரு மறைவிடம் இருந்தால், பாம்பு ஒளிவதா சூடு தேடுவதா என்று ஒவ்வொரு நாளும் ஒன்றை விட்டுக்கொடுத்துக் கொண்டிருக்கும்.

சட்டை உரிக்கப் போகிற பாம்பின் கண்கள் பால் படர்ந்ததுபோல் நீலம் பாரிக்கும். அப்போது பார்வை மங்கும், இரையும் வேண்டாம். புதிதாக வீட்டுக்கு வந்த பாம்புக்கு ஒரு வாரமாவது தனிமை தர வேண்டும். தூக்குவதும் கூடாது, இரை நீட்டுவதும் கூடாது. முட்டையிலிருந்து வந்த குஞ்சு முதல் சட்டையை உரிக்கும் வரை, அதாவது ஏறத்தாழ ஒரு வாரம் பத்து நாள், தின்னாமல் இருப்பது இயல்பு.

இரை வைக்கும் வேளை

பல மறுப்புகள் தீர்வது இந்த இடத்தில்தான். மாலை மங்கிய பிறகு, அறை விளக்கை அணைத்துவிட்டு இரை வைப்பதே இந்த இரவாடிக்குப் பொருந்தும். உறைந்த எலியை முந்தின நாளே குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்து இளக்கி, பிறகு பிளாஸ்டிக் பையில் கட்டி வெந்நீரில் வைத்துச் சூடேற்றுவர். மைக்ரோவேவ் ஆகாது, உள்ளே வெந்து வெடித்துவிடும். இந்தப் பாம்பின் உதட்டோரம் வெப்பம் உணரும் சிறு குழிகள் வரிசையாக இருக்கின்றன. இருட்டில் எலியின் தலையை அவற்றால்தான் அது குறிபார்க்கிறது. எனவே எலியின் உடல் முழுவதும் 38 டிகிரியை ஒட்டி இருந்தாலும், நீட்டுவதற்குச் சற்றுமுன் தலையை மட்டும் மீண்டும் ஒருமுறை சூடாக்கிக்கொள்வது பலன் தரும்.

நீண்ட இடுக்கியில் எலியைப் பிடித்து மறைவிடத்தின் வாயிலருகே கொண்டுபோகும்போது, பாம்பைக் கவனமாகப் பார்த்தால் விடை அப்போதே தெரிந்துவிடும். பசித்த பாம்பு முதலில் அசையாது. நாக்கு மட்டும் மெதுவாக நீளும், மேலும் கீழும் துழாவும், உள்ளே போகும். கழுத்து சத்தமில்லாமல் பின்னுக்கு மடங்கி வில்போல் நிற்கும். எலி நகரும் பக்கமெல்லாம் மூக்கும் நகரும். அந்த நிலையில் இடுக்கியை ஆட்டாமல் பிடித்திருப்பதே போதும். வேண்டாத பாம்போ மூக்கை விலக்கிக்கொள்ளும். எலி மேலே பட்டால் தலையைச் சட்டென்று இழுத்துச் சுருளுக்குள் புதைக்கும். அதற்குப் பிறகும் எலியை அதன் முகத்தில் தட்டித் தட்டிக் காட்டுவது, இரையை எதிரியாக்கும் வேலை. எலியை மறைவிடத்தின் வாயிலில் வைத்துவிட்டு, பெட்டியை மூடி, விடியும் வரை அந்தப் பக்கமே போகாமல் இருக்கலாம். காலையில் அப்படியே கிடந்தால் எடுத்து எறிந்துவிட்டு, அடுத்த முயற்சிக்கு ஒரு வாரமோ பத்து நாளோ விட வேண்டும். நாள்தோறும் நீட்டினால் மறுப்பு முற்றும்.

இரையின் வகையும் ஒரு காரணம். சுண்டெலியில் வளர்ந்த பாம்பு பெரிய எலியை இரையென்றே அறியாமல் இருக்கலாம். சுண்டெலியின் கூட்டுத் துகளில் எலியைப் புரட்டிக் கொடுத்தால் வாசனை வழிகாட்டும். மேற்கு ஆப்பிரிக்காவில் இப்பாம்பின் இயற்கை இரைகளில் ஒன்றான மாஸ்டோமிஸ் எலிக்கு மசியும் பாம்புகள் நிறைய. தென்கிழக்கு நைஜீரியாவில் நடந்த ஆய்வில், 70 செ.மீ.க்குக் குறைந்த பாம்புகள் பெரும்பாலும் சிறு பறவைகளையும், ஒரு மீட்டரைத் தாண்டியவை பாலூட்டிகளையும் தின்றிருந்தன. எலியில் கோழிக்குஞ்சின் வாசனையைத் தடவிக் கொடுக்கும் உத்தி சில இளம் பாம்புகளிடம் பலிப்பதில் வியப்பில்லை.

உயிருள்ள எலியை உள்ளே விட்டுவிட்டுத் தூங்கப் போவது மட்டும் கூடவே கூடாது. பசியற்ற பாம்பு தன்னைக் காத்துக்கொள்ளாது. எலியோ கொறிக்கும். முதுகுச் சதை எலும்பு தெரியக் குதறப்பட்ட பாம்புகள் மருத்துவரிடம் வருவது இப்படித்தான்.

தராசும் மருத்துவரும்

கிராம் காட்டும் சமையலறைத் தராசு ஒன்று, ஒரு நோட்டுப் புத்தகம். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை எடை போட்டு எழுதிவந்தால் அச்சம் பாதி அடங்கிவிடும். 1,500 கிராம் பாம்பு மூன்று மாதப் பட்டினியில் 60 கிராம் இழந்திருந்தால் விட்டுவிடலாம். 150 கிராமை, அதாவது பத்தில் ஒரு பங்கைத் தாண்டினால் ஊர்வன அறிந்த கால்நடை மருத்துவரைப் பார்க்க வேண்டும். 60 கிராம் குஞ்சுக்கு அத்தனை இருப்பு இல்லை. அது பிறந்ததிலிருந்தே தொடர்ந்து மறுத்தால் மாதக்கணக்கில் காத்திருப்பது தவறு.

எடை எப்படி இருந்தாலும் காத்திருக்கக் கூடாத அறிகுறிகள் சில உண்டு. மூச்சில் கொரகொரப்பு, வாயோரம் சளிக்குமிழி, வாயைத் திறந்தபடி தலையை உயர்த்தி மூச்சுவிடுவது ஆகியவை நுரையீரல் தொற்றைக் காட்டும். இப்படிப் பந்து மலைப்பாம்புகளின் நுரையீரலைத் தாக்கும் நிடோவைரஸ் 2014-இல்தான் அடையாளம் காணப்பட்டது. அதற்கு இன்றும் குணப்படுத்தும் மருந்து இல்லை. ஈறு சிவந்து சீழ்கட்டுவது, செதில்களுக்கிடையே மிளகுப்பொடிபோல் கறுப்பு உண்ணிகள், தின்றதைத் திரும்பத் திரும்பக் கக்குவது, மல்லாக்கத் திருப்பினால் நிமிரத் தடுமாறுவது ஆகியவையும் காத்திருக்கக் கூடாத அறிகுறிகளே.

வாயைப் பிளந்து இரையைத் திணிப்பதைக் கடைசி வழி என்பதைவிட, வீட்டில் செய்யக்கூடாத வழி என்பதே சரி. பல் உடையும், உணவுக்குழல் கிழியும், மிரண்ட பாம்பு பெரும்பாலும் கக்கியும் விடும். நல்ல உடம்போடு இருந்த பாம்பை வளர்ப்பவரின் பதற்றமே நோயாளியாக்குவது இங்கேதான் நடக்கிறது. மெலிந்த குஞ்சுக்கு ஊட்டத்தான் வேண்டுமென்றால், அது தெரிந்த கைகள் செய்யட்டும்.

இந்தியாவில்

இந்திய மலைப்பாம்பை வீட்டில் வைத்திருப்பது 1972-ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அயல்நாட்டுப் பந்து மலைப்பாம்பு, காட்டுயிர்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் இணைப்பில் உள்ளது. 2022-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி வைத்திருப்பவர் அரசிடம் பதிய வேண்டும். சென்னை விமான நிலையத்தில் பயணிகளின் பெட்டிகளிலிருந்து இந்தப் பாம்புக் குஞ்சுகளைச் சுங்கத்துறையினர் பலமுறை கைப்பற்றியுள்ளனர். துணிப்பையில் முடிச்சிட்டு, நீரின்றிப் பல மணி நேரம் பயணித்து வரும் குஞ்சு இரை எடுக்க மறுப்பதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

பட்டினி முடிவது

பெரும்பாலும் முன்னறிவிப்பின்றியே முடியும். முந்தின வாரம் வரை முகம் திருப்பிய பாம்பு, ஒரு மாலை மறைவிடத்திலிருந்து தலையை நீட்டிக் காத்திருக்கும். அமெரிக்காவின் செயின்ட் லூயி விலங்குக்காட்சிச் சாலைக்கு 1961-இல் வந்த ஒரு பந்து மலைப்பாம்பு, 2020-இல் அறுபது வயதை ஒட்டி முட்டையிட்டது. அத்தனை நீண்ட ஆயுளில் நான்கு மாதம் சிறு இடைவெளியே. சுருங்கிக் கிடந்த குடல் விரியக் கொஞ்சம் காலம் வேண்டும் என்பதால், முதல் இரை வழக்கமானதைவிடச் சிறியதாக இருக்கட்டும். தின்ற பின் இரண்டு நாள் தொடக்கூடாது. அடுத்த இரையைப் பத்து நாள் கழித்து, அதே அளவில் வைத்து, அதையும் கக்காமல் செரித்தால் பழைய அளவுக்குத் திரும்பலாம்.