எண்ணெய்க் கசிவும் எஞ்சினின் மூச்சும்

எஞ்சினுக்கும் மூச்சு உண்டுங்க. சிலிண்டரில் எரியும் வாயுவில் கொஞ்சம் பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டி கிராங்க் கேஸில் இறங்கும். அது வெளியேறியே ஆக வேண்டும்.

பழைய கார்களில் அதற்கு ஒரு குழாய். புகை நேராக ரோட்டுக்கு. லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் புகைமூட்டத்துக்கு எரியாத பெட்ரோல் ஆவியும் காரணம் என்று 1950களில் ஹாகன்-ஸ்மித் என்ற விஞ்ஞானி காட்டினார். 1961 மாடலிலிருந்து கலிஃபோர்னியாவின் புதுக் கார்களிலும், 1963 மாடலில் அமெரிக்கா முழுவதும் பிசிவி வால்வு வந்தது. இன்டேக் மேனிஃபோல்டின் வெற்றிடம் அந்த வாயுவை உறிஞ்சி மறுபடி எரித்தது. எங்கள் பாஷையில், செலவில் போனதை வரவில் சேர்த்தார்கள்!

டர்போவில்தான் சிக்கல். 1962இல் ஓல்ட்ஸ்மொபில் ஜெட்ஃபயர், 1978 மாடலில் சாப் 99 என டர்போ கார்கள் வந்தன. டர்போ காற்றை அழுத்தும்போது மேனிஃபோல்டில் வெற்றிடம் இருக்காது. அதனால் ஒருவழி வால்வு மூடிக்கொள்ள, வாயு வேறு குழாய் வழியாக டர்போவின் வாய்க்குப் போக வேண்டும்.

வயதான காரில் இந்தக் குழாய்கள் கசடு பிடித்து அடைபடும். உள்ளே ஏறும் அழுத்தம் சீல்களின் வழியே எண்ணெயைத் தள்ளும். டர்போவிலிருந்து எண்ணெய் கீழே வடிவதும் தடைபட்டு நீலப்புகை வரும். சீலை மாற்றுவார்கள், சில மாதத்தில் மறுபடி ஒழுகும். கடைசியில் பழி நல்ல டர்போவின் மேல் விழும்.

எஞ்சின் ஐடிலில் ஓடும்போது எண்ணெய் ஊற்றும் வாயில் ஒரு காகிதத்தை வைத்துப் பாருங்கள். பொதுவாக அது லேசாக உள்ளே இழுபட வேண்டும். மேலே தூக்கியடித்தால், பர்ஸைத் திறக்குமுன் குழாய்களையும் வால்வையும் பாருங்கள்.