அலைவழி இடமறிதலும் லக்கலப் பள்ளத்தாக்கும்

மாத்தளையிலிருந்து இரத்தோட்டை வழியே ஏறும் மலைப்பாதை, றிவர்ஸ்டன் உச்சியை அண்டிக் கடந்து லக்கலப் பிரதேசத்தினுள் இறங்குகின்றது. உச்சியிலே தொலைத்தொடர்புக் கோபுரம் நிற்கின்றது. அதற்கும் கீழுள்ள ஊர்களுக்குமிடையே நக்கிள்ஸ் தொடரின் மடிப்புகள் பல. வானொலி அலையைக்கொண்டு ஒருவரின் இருப்பிடத்தை அறியும் கலை எங்கே தடுமாறுகின்றது என்பதை ஆராய்வதற்கு இந்நிலம் பொருத்தமானது.

அக்கலை போர்க்காலத்தில் முதிர்ந்தது. வளைய அலைவாங்கியைச் சுழற்றுகையில் ஒலி மிக மங்கும் நிலையிலிருந்து அலை வரும் கோடு தெரியவரும். இரு நிலையங்கள் காட்டும் கோடுகள் வெட்டுமிடத்தில் அனுப்புநர் இருப்பார். பிரித்தானியக் கடற்படையின் செவிமடுப்புப் பிரிவு 1942 சனவரியிற் சிங்கப்பூரிலிருந்து கொழும்புக்கு வந்து, பெம்புரோக் கல்லூரிக் கட்டடத்தில் இயங்கிற்று. தாக்குதல் வருமென்பதை மறைமொழிச் செய்திகளால் அப்பிரிவு முன்னுணர்ந்திருந்தது. ஆயினும் நகுமோவின் கப்பற்படை வானொலி மௌனம் காத்தது. பேசாதவனைத் திசையறி கருவி காணாது. ஏப்பிரல் 4 ஆம் நாள், கொக்கலையிலிருந்து பறந்த கனேடிய விமானி பேர்ச்சோல் அப்படையைக் கண்ணாற் கண்டே செய்தியனுப்ப நேர்ந்தது. அவர் விமானமும் சுட்டு வீழ்த்தப்பட்டது. மறுநாள் கொழும்பும், 9 ஆம் நாள் திருகோணமலையும் குண்டுவீச்சுக்குள்ளாயின.

கப்பற்படைக்கு வாய்த்த மௌனம் கையடக்கத் தொலைபேசிக்கு வாய்ப்பதில்லை. இலங்கையில் இச்சேவை 1989 இல் தொடங்கியது. உரிமையாளர் ஒரு சொல்லும் பேசாதபோதும், இயங்கும் கருவி தான் எப்பகுதியிலிருக்கின்றது என்பதை வலையமைப்புக்கு இடையிடையே அறிவித்துக்கொண்டேயிருக்கும். பெயர் நீக்கிய தொலைபேசிப் பதிவுகளைக்கொண்டு, கொழும்புக்கு நாள்தோறும் மக்கள் வந்துபோகும் பாங்கினை லேர்ண் ஏசியா நிறுவனம் ஆராய்ந்துள்ளது. கோபுரங்கள் செறிந்த தலைநகருக்கு இம்முறை நன்கு பொருந்தும். மலைநாட்டின் கதை வேறு.

அலை ஒரு நுண்செக்கனில் 300 மீற்றர் செல்லும். ஜிஎஸ்எம் முறையிலே தொலைவு ஏறத்தாழ 550 மீற்றர்ப் படிகளாகவே கணிக்கப்படுகின்றது. எட்டுவது ஒரே கோபுரமாயின், கிடைப்பது புள்ளியன்று, நீண்டதொரு வில். அலை பாறையிற் பட்டுத் தெறித்து வந்தாலோ, கருவி மெய்யான தொலைவுக்கும் அப்பால் இருப்பதாகத் தோன்றும். மண்சரிவு அபாயமுள்ள சரிவொன்றில் அகப்பட்டவரைத் தேடுவோருக்கு அவ்வில்லின் நீளம் உயிர்ப் பிரச்சினையாகும். அலை முற்றாக மறைக்கப்பட்ட மடிப்பில் இருப்பவரோ, தாம் விரும்பாமலே நகுமோவின் மௌனத்தை அடைந்துவிடுகின்றார்.

வைஃபை வழியிலான முறை நுட்பமானது. மைக்றோசொவ்ற் ஆய்வாளர் பாலும் பத்மநாபனும் 2000 இல் வெளியிட்ட ஆய்வு, கட்டடமொன்றினுள் இரண்டு மூன்று மீற்றர் அளவில் இடமறியலாமெனக் காட்டியது. எந்த இடத்தில் எந்த அலை எவ்வளவு வலிமையோடு கிடைக்குமென முன்னரே பதிந்துவைத்தலே இதன் அடிப்படை. வீதிகளிலும் நகரங்களிலும் பின்னர் இம்முறை பரவியபோது, எந்தப் பரப்பி எங்கேயுள்ளது என்னும் பெரும் பட்டியல்கள் எழுந்தன. ஆனால் ஊரே இடம்பெயர்ந்தால்? களு கங்கை நீர்த்தேக்கத்துக்காகப் பழைய லக்கல நகர் கைவிடப்பட்டு, புதிய நகர் வேறிடத்தில் அமைக்கப்பட்டது. பழைய கடையொன்றில் இயங்கிய பரப்பி, தட்டுமுட்டுச் சாமான்களுடன் புதிய கடைக்குச் சென்றிருப்பின், பட்டியல் திருத்தப்படும்வரை அதனருகே நிற்பவரைக் கணினி நீர்த்தேக்கத்தின் அடியிலேயே காட்டக்கூடும்.