விசர்நாய்க்கடி ஊசி தந்த தடயம்: மல்டிபிள் ஸ்கிளிரோசிசில் நிர்ப்பீடனக் கலங்கள்

1. ஆட்டு மூளை

கிழக்கிலங்கையின் சித்தாண்டியில் மூத்தவர்களிடம் விசர்நாய்க்கடி என்றால், வயிற்றில் நாள்தோறும் போட்ட ஊசிகளைத்தான் சொல்வார்கள். 1911இல் டேவிட் செம்பிள் கசோலியில் உருவாக்கிய அந்த வகைத் தடுப்பூசி, ஆட்டு மூளையில் வளர்த்த வைரசைச் செயலிழக்கச் செய்து எடுத்தது. 1907இல் தொடங்கிய குன்னூர் பாஸ்டர் நிறுவனமும் ஆட்டு மூளைத் தடுப்பூசியைப் பல்லாண்டுகள் தயாரித்தது. அது எத்தனையோ உயிர்களைக் காத்தது. ஆனாலும் சிலருக்கு, ஊசி போட்ட சில வாரங்களில் கால் இயங்காமல் போனது; பார்வை மங்கியது. ஆட்டு மூளையோடு உள்ளே போன மயலினை எதிர்க்கப் பழகிய உடல், தன் நரம்பின் மயலின் உறையையும் தாக்கியிருந்தது. அந்த மயலினுக்கு எதிரான பிறபொருளெதிரிகளை 1987இல் ஹேமச்சுதா குழுவினர் தாய்லாந்து நோயாளரிடம் கண்டறிந்தனர்.

இந்தத் துன்பத்தை விளங்கிக்கொள்ள, 1933இல் நியூயோர்க்கில் தோமஸ் ரிவர்ஸ் முயல் மூளைச் சாறைக் குரங்குகளுக்குத் திரும்பத் திரும்ப ஏற்றி, மயலின் அழிவை உண்டாக்கினார். 1960இல் பிலிப் பற்றர்சன் நோயுற்ற எலியின் நிணநீர்க்கணுக் கலங்களை நலமான எலிக்கு மாற்றினார். நோயும் கூடவே போனது. குற்றவாளி கலம்தான் என்பதற்கு இதைவிட நேரான சான்று வேண்டியதில்லை.

2. ரீ கலங்கள்

ஊசி போடாமலே இதேபோல் மயலின் அழியும் நோய் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ். 1868இல் சார்கோ பாரிசில் விவரித்த இந்நோயில், மயலினை அந்நியமெனக் கொள்ளும் ரீ கலங்கள் என்னும் நிர்ப்பீடனக் கலங்கள் முதலில் மூளைக்கு வெளியேதான் தூண்டப்படுகின்றன. பிறகு குருதிக்குழாய்ச் சுவரில் ஒட்டி, மூளைக்குள் நுழைந்து, அங்கே மயலின் துண்டைக் கண்டதும் மீண்டும் தூண்டப்பட்டு, பெருந்தின்கலங்களை அழைக்கின்றன. ஒட்டும் புரதத்தை மறிக்கும் நற்றலிசுமாப் என்ற மருந்து இந்த நுழைவைத் தடுத்து, நோய்த் தாக்குதல்களைக் குறைக்கிறது. ஆனால் காவற்கலங்கள் உள்ளே போகாத மூளையில், உடலில் ஒளிந்திருக்கும் ஜேசி வைரஸ் சிலருக்கு உயிராபத்தான நோயை உண்டாக்கும். வீட்டைக் கெடுக்கும் அதே கலங்கள்தான் வீட்டைக் காத்தும் வந்தன.

3. பீ கலங்கள்

முள்ளந்தண்டுப் பாய்மத்தில் பிறபொருளெதிரிகள் கூடியிருப்பது 1940களிலேயே தெரியும். அதனால் பீ கலத்தின் தொழில் அவற்றைச் சுரப்பதே என்று நெடுங்காலம் எண்ணப்பட்டது. 2008இல் றிட்டுக்சிமாப் என்ற மருந்து பீ கலங்களை அகற்றியபோது, புதிய மூளைப் புண்கள் விரைவில் குறைந்தன. பாய்மத்துப் பிறபொருளெதிரிகளோ அவ்வளவாகக் குறையவில்லை. ஆக, பீ கலம் ரீ கலத்துக்கு மயலினைக் காட்டிக்கொடுத்துத் தூண்டிவிடுவதே பெரிய கேடு என்று நான் கருதுகிறேன். 2022இல் சுமார் 1 கோடி அமெரிக்கப் படையினரின் தரவு, எப்ஸ்டைன்-பார் வைரஸ் தொற்றியபின் நோய் வரும் வாய்ப்பு 32 மடங்காவதைக் காட்டியது. அந்த வைரஸ் காலமெல்லாம் தங்கியிருப்பதும் பீ கலத்திலேயே.

4. மூளைக்குள் குடியிருப்போர்

மைக்ரோகிளியாக்கள் மூளையிலேயே வாழும் நிர்ப்பீடனக் கலங்கள். நோயின் பிற்கட்டத்தில் பழைய புண்களின் விளிம்பில் இவை எரிந்துகொண்டேயிருக்கின்றன. குருதியில் இயங்கும் மருந்துகள் இங்கே பெரிதாக உதவுவதில்லை.

5. எங்கள் பக்கத்தில்

சித்தாண்டி நிலநடுக்கோட்டிலிருந்து எட்டுப் பாகைக்குள் இருக்கிறது. இத்தகைய இடங்களில் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் அரிது. கண் நரம்பையும் முண்ணாணையும் தாக்கும் நியூரோமயலைட்டிஸ் ஒப்ரிக்கா, ஆசியரிடையே ஒப்பீட்டளவில் கூடிய பங்கு வகிக்கிறது. அதன் இலக்கு மயலின் அன்று, அஸ்ட்ரோசைட் என்னும் மூளைக் கலத்திலுள்ள அக்குவாபோரின்-4 என்ற புரதம். இதை அமெரிக்காவின் மேயோ மருத்துவ நிலையத்தார் 2004–05இல் கண்டனர். மல்டிபிள் ஸ்கிளிரோசிசுக்கு உதவும் இன்ரபெரோன் பீற்றா, நற்றலிசுமாப் ஆகிய மருந்துகள் நியூரோமயலைட்டிஸ் ஒப்ரிக்காவை மோசமாக்கலாம். எனவே வந்தாறுமூலையிலோ சித்தாண்டியிலோ ஒருவருக்குத் திடீரெனப் பார்வை மங்கினால், நீண்டகால மருந்தைத் தொடங்குமுன் குருதியில் அக்குவாபோரின் பிறபொருளெதிரியைத் தேடியாகவேண்டும்.