எர்ஜி: கடன் சொல்லா, கறந்தவள் சொல்லா?

ஃபரோ தீவுகளின் தலைநகர் தோர்ஷவ்னை ஒட்டி ஆர்ஜிர் என்றோர் ஊர். பெயரின் வேர் ‘எர்ஜி’. கோடையில் மாடுகளை மலைக்கு ஓட்டிப்போய், அங்கேயே தங்கிப் பால் கறந்து வெண்ணெய் எடுக்கும் பட்டி. வைக்கிங்குகளின் நார்ஸ் மொழிச் சொல்லல்ல இது. கேலிக் ‘ஆரிகெ’யிலிருந்து வந்தது.

இல்லாத பொருளுக்குத்தான் சொல்லைக் கடன் வாங்குவார்கள் என்பது பாடப்புத்தகச் சமாதானம். இங்கே அது எடுபடாது. இதே பட்டிக்கு நார்ஸில் ‘சேத்தர்’ என்ற சொந்தச் சொல் இருந்தது. கையில் சொல்லை வைத்துக்கொண்டு இன்னொருத்தர் சொல்லை எதுக்கு எடுத்தார்கள்?

கூட வந்த கேலிக் சொற்களைப் பாருங்கள்: மோர், காளை, வாத்து, ஆட்டின் வால்பக்கத்து இறைச்சி. தொழுவமும் அடுப்படியும். வடக்கில் மலைப்பட்டிப் பால்வேலை பெரும்பாலும் பெண்கள் வேலை. 2006இல் வெளிவந்த மரபணு ஆய்வு, ஃபரோ மக்களின் தந்தைவழி பெரும்பாலும் ஸ்காண்டிநேவியா, தாய்வழி பெரும்பாலும் பிரிட்டிஷ் தீவுகள் என்கிறது. அந்தப் பெண்கள் விரும்பி வந்தார்களா, பிடித்து வரப்பட்டார்களா? அதை மரபணு சொல்லாது. ஆனால் பிடித்து வரப்பட்டவளிடம் ‘கடன்’ வாங்கினோம் என்று மொழியியல் கூசாமல் எழுதும். கடன் என்றால் கொடுத்தவருக்கு ஒரு கணக்காவது இருக்கணுமே.

13ஆம் நூற்றாண்டு ஐஸ்லாந்தில் எழுதப்பட்ட சாகா, முதல் குடியேறியாக கிரீமுர் கம்பன் என்ற ஆணை நிறுத்துகிறது. (நம்ம கம்பனுக்கும் இவனுக்கும் உறவில்லை. யாரும் மாநாடு கூட்டிவிட வேண்டாம்.) வேடிக்கை என்னவென்றால், ‘கம்பன்’ என்ற பட்டப்பெயரே வளைவைக் குறிக்கும் கேலிக் ‘காம்’ என்பதிலிருந்து வந்தது என்பதே பலரும் ஏற்கும் விளக்கம். தூய நார்ஸ் மூதாதைப் பிரதியின் முதல் பெயரிலேயே விரிசல்.

கோவிலிலும் கோர்ட்டிலும் பள்ளியிலும் டேனிஷ் ஆண்ட காலத்தில், 1846இல் ஹம்மர்ஷைம்ப் ஃபரோ மொழிக்கு எழுத்துமுறை அமைத்தார். பழைய நார்ஸ் வேர்கள் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி. 1948இல் தன்னாட்சி வந்து, ஃபரோ முதன்மை மொழியானது. இடையில் டேனிஷ் சொற்களைக் களையும் வேலை மும்முரமாக நடந்தது. ஒடுக்கப்பட்ட மொழிக்கு அது தேவையும்தான். அந்தக் களையெடுப்பில் கேலிக் சொற்கள் தப்பின. அவை அந்நியம் என்றே பேசுகிறவர்களுக்குத் தெரியாது. யாகோப் யாகோப்சென் இதில் விதிவிலக்கு: புதுச்சொற்களும் உருவாக்கினார், 1902இல் கெல்டியச் செல்வாக்கைப் பற்றியும் எழுதினார்.

1980களில் ஐடி கிராமத்தருகே ஆர்ஜிஸ்பிரெக்காவைத் தோண்டியபோது, வைக்கிங் காலப் பட்டியின் குடிசைத் தடங்கள் கிடைத்தன. பட்டிமுறை என்றோ நின்றுபோனது. வழக்கிலிருந்து எர்ஜியும் போய்விட்டது. இடப்பெயர்களில் மட்டும் இருக்கிறது.