சேத்துல ஒரு சக்கரம் மட்டும் சுத்துதா? 'டிஃப் லாக்' என்ன செய்யும்?

கார்த்திகை தீபத்துக்கு வரும் வண்டிகளுக்காக திருவண்ணாமலைக்கு வெளியே தற்காலிக பார்க்கிங் அமைப்பது வழக்கம். ஆனால் அது மழைக்காலம். 2024-ல் ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்த இரண்டே வாரத்தில், டிசம்பர் 13-ல் தீபம் வந்தது. ஈர மண்ணில் லோடு வண்டி ஏன் சிக்குகிறது?

சிக்குவது ஏன்?
வளைவில் வெளிப்பக்க சக்கரம் அதிக தூரம் ஓடணும். அதனால் பின் சக்கரங்கள் வெவ்வேறு வேகத்தில் சுற்ற டிஃபரென்ஷியல் வழிவிடுகிறது. சேற்றில் இதுவே வில்லன். வழுக்கும் சக்கரம் சும்மா சுற்றும். கெட்டித் தரையில் உள்ள சக்கரத்துக்கும் இழுவை கிடைக்காது.

லாக் போட்டால்?
இரண்டும் ஒரே வேகத்தில் சுற்றும். பிடிமானம் உள்ள சக்கரம் வண்டியைத் தள்ளிவிடும். பல டிப்பர்களில் இதற்கு சுவிட்ச் உண்டு. மஹிந்திரா பொலிரோ நியோ என்10 (ஓ) மாடலில் தானாகவே லாக் ஆகும்.

கவனிக்க வேண்டியவை
* சுவிட்ச் உள்ள வண்டியில், சக்கரம் நின்ற பிறகே லாக் போடுங்க. மெதுவா, நேரா ஓட்டுங்க.
* தார் ரோடு ஏறியதும் எடுத்துடுங்க. இல்லன்னா வண்டி திரும்பாது, ஆக்சிலும் உடையலாம்.
* இரண்டு பின் சக்கரமும் வழுக்கினால் லாக் கைகொடுக்காது. முன் சக்கரத்துக்கு இழுவையே கிடையாது.
* லாக் இல்லையா? ஆக்சிலரேட்டரை அழுத்தாதீங்க, குழிதான் ஆழமாகும். சக்கரத்துக்கு முன்னால் சரளையோ பலகையோ போடுங்க. பலகை தெறிக்கும், பின்னால் யாரும் நிற்க வேண்டாம்.