தோட்டப்புறத்தில் கைத்துப்பாக்கி: அவசரகாலத் தேர்வும் சட்டமும்

முன்னுரை

மலாயாவின் அவசரகால வரலாறு (1948–1960) பெரும்பாலும் காட்டுப் போரையும் புதுக்கிராமங்களையும் மையமாகக் கொண்டே எழுதப்பட்டு வந்துள்ளது. தோட்டப்புறத்தில் எவர் கையில் எத்தகைய ஆயுதம் இருந்தது, அது எந்தக் காரணத்தால் தேர்ந்தெடுக்கப்பட்டது என்னும் வினா அதிகம் எழுப்பப்படவில்லை. ரவாங் வட்டாரத்தை முதன்மையாகக் கொண்டு அவ்வினாவை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். நிர்வாகிக்குத் தேர்வுப் பொருளாக இருந்த கைத்துப்பாக்கி, தொழிலாளிக்குத் தூக்குக்கயிறாக மாறியதை இது எடுத்துக்காட்ட முற்படுகிறது.

ஆயுதம் வேண்டிய துரைமார்

16.6.1948 அன்று பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் ஐரோப்பியத் தோட்ட நிர்வாகிகள் மூவர் சுட்டுக் கொல்லப்பட்டனர். இரண்டு நாட்களில் அவசரகாலம் மலாயா முழுமைக்கும் விரிவுபடுத்தப்பட்டது. அடுத்த மாதமே ரவாங்கை அடுத்துள்ள பத்து ஆராங் நிலக்கரிச் சுரங்கம் கம்யூனிஸ்ட் கொரில்லாக்களின் தாக்குதலுக்கு உள்ளானது. ரப்பர் மரங்களுக்கிடையே தனித்திருந்த பங்களாக்களில் வாழ்ந்த துரைமார் அரசிடம் ஆயுதம் கோரினர். காவலுக்கெனச் சிறப்புக் காவலர் படை திரட்டப்பட்டது. அதன் எண்ணிக்கை உச்சத்தில் 40,000ஐக் கடந்தது. அவர்களுள் பெரும்பான்மையோர் மலாய்க்காரர்கள். பால்மரம் வெட்டிய தமிழர்களுக்கோ பால்வாளியும் உளியும் அன்றி வேறு கருவி இல்லை.

காவலர்கள் துமுக்கி ஏந்தினர். ஆனால் பெரட்டுக்களம், அலுவலக மேசை, சம்பளப் பணம் கொண்டுவரும் வண்டி ஆகிய இடங்களில் நீண்ட துமுக்கியை எந்நேரமும் கையில் வைத்திருக்க இயலாது. ஆதலால் நிர்வாகிகள் இடுப்பில் கைத்துப்பாக்கியை அணிந்தனர்.

நம்பகமும் எளிமையும்

அக்காலத்தில் கைத்துப்பாக்கிகள் இருவகைப்பட்டன. ஒன்று சுழல்துப்பாக்கி, மற்றொன்று தோட்டாப்பெட்டி செருகப்படும் பிஸ்டல். சுழல்துப்பாக்கியில் ஒரு தோட்டா வெடிக்காவிடில் விசையை மீண்டும் இழுத்தால் போதும். உருளை சுழன்று அடுத்த தோட்டா வந்து நிற்கும். பிஸ்டலில் அவ்வாறு நேர்ந்தால் மேற்பகுதியைக் கையால் பின்னிழுத்துப் பழுதான தோட்டாவை வெளியேற்ற வேண்டும். பதற்றமான வேளையில் அதற்குப் பயிற்சி தேவை. தோட்டா ஈரங்கொள்ளக்கூடிய, இரும்பு எளிதில் துருவேறும் நம் தட்பவெப்பத்தில் இவ்வேறுபாடு அற்பமானதன்று.

எளிமையின் பொருட்டு ஆற்றலைக் குறைத்துக்கொண்ட வரலாறும் உண்டு. முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் இராணுவம் பயன்படுத்திய 0.455 அங்குல வெப்லி சுழல்துப்பாக்கியின் பின்னுதைப்பு மிகுதி. அதில் தேர்ச்சி பெற நெடுநாள் பிடித்தது. எனவே 1932இல் 0.38 அங்குல என்பீல்டு சுழல்துப்பாக்கி ஏற்கப்பட்டது. பயிற்சி குறைந்தவரும் கையாளத்தக்கது என்பதே அதன் சிறப்பு. எனினும் ஆறு தோட்டாக்களுக்குப் பின் மீண்டும் நிரப்புவதற்குக் காலம் தேவைப்பட்டது. 1954இல் அவ்விராணுவம் 13 தோட்டாக்கள் கொண்ட பிரௌனிங் பிஸ்டலுக்கு மாறியது. முறையான பயிற்சி பெற்ற படைக்குப் பிஸ்டலும், பயிற்சியற்ற தனிமனிதருக்குச் சுழல்துப்பாக்கியும் பொருந்தும் என்பது இதனால் பெறப்படும்.

ஆயினும் எவ்வகையாயினும் கைத்துப்பாக்கியின் பயன் அண்மைத் தொலைவுக்கே உரியது. 6.10.1951 அன்று கோல குபு பாருவிலிருந்து பிரேசர் மலைக்குச் செல்லும் சாலையில் உயர் ஆணையர் சர் ஹென்றி கர்னி பதுங்கித் தாக்கியோரால் கொல்லப்பட்டார். காவலுடன் சென்றவருக்கே அந்நிலை எனில், இடுப்புத் துப்பாக்கி துரைமாருக்கு அளித்தது பாதுகாப்பைவிட மனத்துணிவே எனலாம்.

வாட்டர்பால் தோட்டத்துச் சுழல்துப்பாக்கி

எளிதில் மறைக்கலாம், எளிதில் இயக்கலாம் என்னும் அதே இயல்புகள் அரசுக்கு அச்சமூட்டின. அவசரகால ஒழுங்குவிதிகள் அனுமதியின்றிச் சுடுகலன் வைத்திருப்பதை மரணதண்டனைக்குரிய குற்றமாக்கின. ஆயுதம் சுடப்பட்டதா என்பது அவ்விதிக்குத் தேவையற்ற வினாவாகும்.

அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவராக இருந்தவர் எஸ். ஏ. கணபதி. இந்தியத் தேசிய இராணுவத்தில் பணியாற்றியவர். 1948 ஜூன் மாதத்தில் சம்மேளனத்தின் பதிவு இரத்தானது. 1949 மார்ச் மாதத்தில் ரவாங்கை அடுத்த வாட்டர்பால் தோட்டத்தில், சுழல்துப்பாக்கியும் ஆறு தோட்டாக்களும் வைத்திருந்ததாக அவர் கைதானார். கண்டெடுத்த ஆயுதத்தைக் காவல்துறையிடம் ஒப்படைக்கச் சென்றதாக அவர் தரப்பில் கூறப்பட்டது. நீதிமன்றம் அதனை ஏற்கவில்லை. இந்திய அரசின் வேண்டுகோளும் பயனளிக்கவில்லை. 4.5.1949 அன்று கோலாலம்பூர் புடு சிறையில் அவர் தூக்கிலிடப்பட்டார்.

இதனுடன் ஒப்பிடத்தக்கது ஜொகூரில் எழுந்த சாம்பசிவம் வழக்கு. அவர்மீது சுடுகலன் ஒன்றும் தோட்டாக்கள் வேறொன்றுமாக இரு குற்றச்சாட்டுகள் சுமத்தப்பட்டன. தோட்டாக்கள் பற்றிய குற்றச்சாட்டிலிருந்து அவர் விடுவிக்கப்பட்டார்; சுடுகலன் பற்றிய மறுவிசாரணையில் மரணதண்டனை பெற்றார். இரண்டையும் வைத்திருந்ததாகக் கூறும் வாக்குமூலமே மறுவிசாரணையில் சான்றாகக் காட்டப்பட்டது. முன்னைய விடுதலையைப் புறக்கணித்து அச்சான்றைப் பயன்படுத்தியது தவறு எனக் கண்ட இலண்டன் பிரிவி கவுன்சில், 1950இல் அத்தண்டனையை நீக்கியது. கணபதி தூக்கிலிடப்பட்டு ஓராண்டுக்குள் வந்த தீர்ப்பு இது. திருத்தவியலாத தண்டனையை விரைந்து நிறைவேற்றுவதன் ஆபத்தை இது உணர்த்துகிறது.

ஆயுதமின்மையும் காப்பாக அமையவில்லை. 12.12.1948 அன்று ரவாங்கிற்கு வடக்கே பத்தாங்காலியில் நிராயுதபாணிகளான 24 சீனத் தொழிலாளர்கள் பிரிட்டிஷ் படையினரால் சுட்டுக் கொல்லப்பட்டனர்.

முடிவுரை

துரைக்கு முன்னிருந்த வினா, ‘இது தவறாமல் சுடுமா? எனக்கு எளிதா?’ என்பது. சட்டம் தொழிலாளியிடம் எழுப்பிய வினா, ‘இது உன்னிடம் இருந்ததா?’ என்பது மட்டுமே. அவசரகாலம் 1960இல் முடிவுற்ற பின்னும் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின் 57ஆம் பிரிவில் அதே வினா தொடர்ந்தது. அச்சட்டம் 2012இல் இரத்தானது. 2023இல் மலேசியா கட்டாய மரணதண்டனையையே நீக்கியது. கணபதியைத் தியாகி என்றோ தீவிரவாதி என்றோ பெயரிட்டு முடிப்பது எளிது. ஒரே கருவி தோட்டத்தின் இருவேறு படிநிலைகளில் இருவேறு பொருள் கொண்டதை மாணவருக்கு விளக்குவதே வரலாறு கற்பிப்போரின் கடமையாகும்.